சந்தாவும் விலையும்

பணங்கொடுத்து ஒரு பொருளை வாங்குவதும், பணங்கொடுத்து ஒரு காரியத்தில் அங்கத்தினராவதும் ஒன்றுதானா என்னும் கேள்வியை நம்மவர்கள் இன்னும் சரிவர ஆராய்ந்து பார்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கைபேசியில் எதைத் திறந்தாலும், "மாதம் இத்தனை வெள்ளி செலுத்தி அங்கத்தினராகுங்கள்" என்ற வாசகம் எதிர்ப்படுகிறது. படம் பார்க்க ஒரு சந்தா, பாட்டுக் கேட்க ஒரு சந்தா, பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு சந்தா, செய்தி படிக்க ஒரு சந்தா. உடம்பை இளைக்க வைப்பதற்குக்கூட ஒரு சந்தா இருக்கிறது. இவற்றை நடத்துகிறவர்கள் யாவரும் தங்களுக்குப் பணம் கொடுக்கிறவரை அங்கத்தினர் என்றே மரியாதையாக அழைக்கிறார்கள். அங்கம் என்றால் உடலின் உறுப்பு. விரல் ஒன்று நசுங்கினால் உடல் முழுவதும் துடிக்கிறது. ஓர் அங்கத்தினர் விலகிப் போனால் இந்த இணையத் தளங்களில் எது துடிக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவற்றில் கணக்குப் பட்டியலில் ஓர் எண் குறைகிறது, அவ்வளவே. ஆகவே அங்கத்தினர் என்ற பட்டம் பொய்யான பட்டமா, அல்லது அதற்குரிய பொருள் எங்கேனும் உண்மையாகவே இருக்கிறதா என்பதை விசாரிப்பது அவசியமாகிறது.

இதை வெறும் வாதமாக மட்டும் நடத்தாமல் ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் பூன் லே என்னும் வட்டாரம் இருக்கிறது. அது சூ பூன் லே என்ற சீனத் தோட்ட முதலாளியின் பெயரால் வந்தது. 1990ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு வரையில் மேற்கே அதுதான் கடைசி நிலையம். நிலையத்தை அடுத்த பேருந்து முனையத்தில் மாலை வேளையில் ஒரே கூரையின்கீழ் மூன்று விதமான வரிசைகளைக் காணலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு வரிசை. சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குத் திரும்புகிற குடும்பத்தார் ஒரு வரிசை. துவாஸ் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் போகிற வேலையாட்கள் மற்றொரு வரிசை. மூன்றிலும் தமிழர்கள் நிற்கிறார்கள். மூவர் கையிலும் கைபேசி இருக்கிறது. தமிழில் ஓர் இணையத் தளம் தொடங்கி, மாதம் 5 வெள்ளி கட்டணம் என்று வைத்தால், முதல் வரிசையில் உள்ளவருக்கு அது ஒரு வேளைக் காப்பிச் செலவு. இரண்டாம் வரிசையில் உள்ள அம்மாள் பிள்ளையின் துணைப்பாடச் செலவோடு சேர்த்து யோசிப்பார். மூன்றாம் வரிசையில் நிற்கிறவரோ அந்த 5 வெள்ளியை மனத்துக்குள் ரூபாயாக மாற்றுவார். முந்நூறு ரூபாய்க்கு மேல் வருகிறது என்று கண்டவுடன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

இத்தகைய தளங்களில் சில நிலைத்து நிற்பதற்கும் பல விழுந்துபோவதற்கும் வியாபார நூல்கள் பல காரணங்களைச் சொல்லுகின்றன. சரக்கு நன்றாக இருக்க வேண்டும், விலை மிதமாக இருக்க வேண்டும், விளம்பரம் ஓயாமல் நடக்க வேண்டும் என்கின்றன. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் நல்ல சரக்கை மிதமான விலையில் ஓயாத விளம்பரத்தோடு கொடுத்து மூடிப்போன பத்திரிகைகளைத் தமிழுலகம் ஏராளமாகக் கண்டிருக்கிறது. காரணம் வேறோரிடத்தில் இருக்கிறது. பணம் வாங்கியவர், கொடுத்தவருக்கு எதைக் கடன்பட்டார் என்ற கேள்வியே அந்த இடம். கடையில் உப்பு வாங்கினால் உப்பைக் கொடுத்ததோடு கடைக்காரர் கடமை தீர்ந்தது. சந்தா வாங்கினவருடைய கடமை அப்படித் தீருவதில்லை என்பதுதான் நம் கட்சி.

சந்தா என்னும் சொல்லே இதற்குச் சாட்சி. பார்ஸி மொழியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த அச்சொல்லுக்கு, ஒரு பொதுக் காரியத்தின்பொருட்டுப் பலர் கூடித் தரும் பணம் என்று பொருள். தமிழிலும் தொழிற்சங்கத்துக்குக் கொடுப்பது சந்தா. வாசகசாலைக்குக் கொடுப்பது சந்தா. பத்திரிகைக்குக் கொடுப்பதும் சந்தாவே. பத்திரிகையை ஒரு சரக்காக நினையாமல் ஒரு சங்கமாக நினைத்த காலத்தில் அப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்குச் சந்தா பாக்கியை அனுப்புமாறு மன்றாடும் அறிவிப்புகளும், வி.பி.யைத் திருப்பி அனுப்பிவிட்ட நண்பர்களைப் பற்றிய புலம்பல்களும் அடிக்கடி தென்படும். உப்புக் கடைக்காரர் எவரும் தம் வாடிக்கைக்காரரிடம் இப்படி உரிமையோடு கோபித்துக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கோபம் இருந்த இடத்தில் உறவும் இருந்தது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முயற்சியால் "தமிழ் முரசு" வார இதழாக வெளிவந்தது. அதன் விலை ஒரு காசு. கோ. சாரங்கபாணி அதை நடத்தினார். 1937ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது நாளிதழாகிவிட்டது. (சரியாக ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே ஜூலை 6இல் பூன் லே நிலையம் திறக்கப்பட்டது தற்செயல்தான், அதில் நாம் பொருள் ஏதும் தேடவில்லை.) ஒரு காசு விலை வைத்தால் அச்சுக்கூலி கட்டுமா என்று கணக்குப் பார்த்திருந்தால் அப்பத்திரிகை பிறந்தே இராது. ஒரு காசு என்பது விலையல்ல. துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவனும் நீயும் இதில் சேர்ந்தவன் என்று அழைக்கும் அழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த அக்காலத்தில் ஒருவர் காசு கொடுத்து வாங்கி உரக்கப் படிக்க, சுற்றியிருந்து பலர் கேட்பது வழக்கம். காசு கொடாமல் கேட்டவர்களைத் திருடர் என்று எவரும் சொல்லவில்லை. கேட்டவர் நாளைக்கு வாங்குபவர் ஆனார். வாங்கியவர் மறுநாள் எழுதுபவரும் ஆனார். 1950களின் தொடக்கத்தில் அப்பத்திரிகை நடத்திய மாணவர் மணிமன்றப் பகுதியில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களாக விளங்கினார்கள். அங்கத்தினர் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று கிளர்ச்சி செய்த சாரங்கபாணி, "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர்களில் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள். பல்கலைக்கழக வாசலைத் தம் வாழ்நாளில் மிதிக்கப் போகாதவர்கள், அங்கே தமிழ் இருக்க வேண்டும் என்பதற்காகத் தம் கூலியிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு வெள்ளிக்கு அவர்கள் என்ன "சேவை" பெற்றார்கள்? ஒன்றுமில்லை. இதற்கு எந்த வியாபார நூலிலும் விளக்கம் கிடையாது. மனிதன் தனக்கு வருகிற பயனுக்கு மட்டுமே பணம் கொடுக்கிறான் என்று நம்புகிறவர்கள், இந்த ஒரு வெள்ளியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

அந்நாளைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. 1960களின் முற்பகுதியில் அப்பத்திரிகையின் தொழிலாளர்களே அதற்கெதிராக வேலைநிறுத்தம் செய்யும் நிலையும் வந்தது. பொதுக் காரியம் என்ற பெயர் இருப்பதால் மட்டும் கூலியும் கணக்கும் தாமாகச் சீராகிவிடுவதில்லை.

இன்றைய தளங்கள் இதற்கு நேர்மாறான வழியில் போகின்றன. ஒருவர் கட்டணம் செலுத்தித் தம் கடவுச்சொல்லைத் தம்பிக்குக் கொடுத்தால் அது குற்றம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் இவ்வாறு பகிர்ந்துகொள்வதைப் பல நாடுகளில் தடுத்தது. தடுத்த பிறகு அதன் சந்தாதாரர் தொகை குறையவில்லை, கூடியது. இதை மறைத்துப் பேசுவது நாணயமாகாது. பூட்டுப் போட்டால் சிலர் பணம் கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் அது படக்கொட்டகை. சீட்டு வாங்கினால் உள்ளே விடுவார்கள், படம் முடிந்ததும் வெளியே வந்துவிடலாம். அதை அங்கத்துவம் என்று எவரும் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல படம் வருகிறவரையில் இருப்பார்கள், வராவிட்டால் போவார்கள். அறிவையும் செய்தியையும் பரப்புவோம் என்று புறப்பட்டவர்களுக்கு இந்தப் படக்கொட்டகைப் பாடம் எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் சந்தேகம்.

அவர்களுக்கு வேண்டிய பாடம் ஜொகூர்க் கடற்பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி கோலாலம்பூரில் ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரன் என்னும் இருவர் "மலேசியாகினி" என்ற செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள். அச்சிட உரிமம் பெறுவது அரிதாயிருந்த நாட்டில் இணையத்துக்கு உரிமம் தேவைப்படவில்லை. அந்தச் சந்தில் நுழைந்தார்கள். முதலில் இலவசம். 2002ஆம் ஆண்டில் சந்தா வைத்தார்கள். இலவசமாகக் கிடைத்ததற்குக் காசு கேட்டால் பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கும் நடப்பதே. மறு வருஷம், 2003 ஜனவரியில், ஒரு வாசகர் கடிதத்தைக் காரணங்காட்டிப் போலீஸார் அலுவலகத்தில் புகுந்து பத்தொன்பது கணினிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வியாபாரம் என்றால் அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பின்னர் சொந்தக் கட்டடம் வேண்டுமென்று தோன்றியபோது, ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஒரு செங்கல் என்று வாசகரிடம் கேட்டார்கள். வாசகர்கள் செங்கல் வாங்கினார்கள். செங்கல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி நடந்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வாசகர் சிலர் செய்தியின் அடியில் எழுதிய கருத்துகள் நீதிமன்றத்தை அவமதித்தன என்று கூட்டரசு நீதிமன்றம் அத்தளத்தின்மேல் குற்றம் கண்டு, 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அரசுத் தரப்பு கேட்ட தொகையைவிட அது அதிகம். தளத்தார் வாசகரிடம் கையேந்தினார்கள். சில மணி நேரத்துக்குள், அன்றைக்கே, முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. எழுதினவர்கள் வாசகர்கள், தண்டனை பத்திரிகைக்கு, தண்டத்தைக் கட்டினவர்கள் மறுபடியும் வாசகர்கள். இங்கே பூட்டு எதைச் சாதித்தது? பூட்டினால் மாதச் சம்பளம் கொடுக்கப் பணம் வந்தது, உண்மைதான். ஆனால் அன்று ஒரு நாளில் வந்த பணம் பூட்டுக்கு வெளியேயிருந்து வந்தது. அதைக் கொடுக்காமலிருந்தாலும் எவருக்கும் எந்தப் பக்கமும் மூடப்பட்டிராது. அத்தளத்தின் ஆங்கிலப் பதிப்பைப் படிக்கக் கட்டணம் உண்டு; மலாய்ப் பதிப்போ எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஆகவே ஆங்கிலம் படிப்பவர் கொடுக்கும் சந்தாவில், மலாய் மட்டும் படிக்கிற தோட்டக்காரரும் மீன்காரரும் செய்தி அறிகிறார்கள். சந்தாதாரருக்கு இது தெரியும், தெரிந்தே கொடுக்கிறார்கள். உப்பு வாங்குகிறவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதில்லை. தண்ணீர்ப்பந்தலுக்குக் கொடுக்கிறவன் கொடுக்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஹாலந்து தேசத்தில் 2013ஆம் ஆண்டில், ஒரு பக்கங்கூட வெளிவருமுன்பே வாசகரிடமிருந்து 10 லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டித் தொடங்கப்பட்ட "டி கொரெஸ்பொண்டென்ட்" என்ற தளம் நன்றாக நிலைத்தது. அந்த வெற்றியின் தைரியத்தில் 2018ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் ஒன்று நடத்தப் போவதாகச் சொல்லி, 45,000க்கு மேற்பட்டவர்களிடம் 26 லட்சம் டாலர் வாங்கினார்கள். அவரவர் இயன்றதைக் கொடுக்கலாம் என்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் நியூயார்க்கில் ஒரு செய்தி அலுவலகம் ஏற்படப் போகிறது என்று பணம் கொடுத்தவர் பலர் நம்பும்படி பேசிவிட்டு, பணம் சேர்ந்த பிறகு அப்படி ஏதும் இல்லை என்றார்கள். பெரிய சண்டையாயிற்று, மன்னிப்புக் கேட்டார்கள். 2019 செப்டம்பர் இறுதியில் வெளிவந்த தளம் 2020 டிசம்பரோடு மூடப்பட்டது. தொற்றுநோய் ஆண்டின் நெருக்கடியும், சந்தாவைப் புதுப்பிக்காமல் பலர் விட்டதுமே காரணமென்று நிர்வாகத்தார் கூறினர். அது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அதே நெருக்கடியான காலத்தில்தான் மலேசியாகினியின் வாசகர்கள் 5 லட்சம் ரிங்கிட்டைச் சில மணி நேரத்தில் கொட்டினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் வாசகர் இருபது வருஷமாக நடந்ததைக் கண்டவர்கள். மற்றோரிடத்தில் அவர்கள் கேட்ட முதல் செய்தியே தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பது.

அங்கத்தினருக்குக் கடன்பட்ட முதற்பொருள் உண்மையான கணக்கு என்று இதனால் தெரிகிறது. கணக்கு என்றவுடன் சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். "தமிழ் முரசு" 1995ஆம் ஆண்டில் எஸ்பிஎச் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அந்நிறுவனத்தின் பத்திரிகைகளெல்லாம் 2021ஆம் ஆண்டு முதல் லாபநோக்கமற்ற எஸ்பிஎச் மீடியா அமைப்பின்கீழ் இயங்குகின்றன. ஆண்டுக்கு 18 கோடி வெள்ளி வரையில் அரசாங்கப் பணம் தருவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் வெளிவந்த செய்தி, 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை அந்நிறுவனத்தின் நாள் விற்பனைக் கணக்கு 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை கூட்டிக் காட்டப்பட்டது என்பது. முடிந்துபோன சந்தாக்கள் உயிரோடிருப்பதாக எண்ணப்பட்டன. ஒரே சந்தா இருமுறை எண்ணப்பட்டது. அச்சடித்து, எண்ணி, பிறகு அழிக்கப்பட்ட பிரதிகளும் இருந்தன. இதை அந்நிறுவனத்தின் உள்விசாரணையே கண்டுபிடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பத்திரிகையில் எத்தனை என்பது இங்கே நம் விசாரணையல்ல. நம்மை உறுத்துவது வேறொன்று. போனவரைப் போகவில்லை என்று எழுதிக்கொள்வதில், வந்தவருடைய வருகைக்கும் மதிப்பில்லாமல் போகிறது. ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு ஒன்றே என்றால் அவர் அங்கமாவது எப்படி? நம் ஊர்களிலும் விடுதிகளிலும் நடக்கிற சீட்டை நினைத்துப் பாருங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை, இந்த மாதம் யார் எடுத்தார் என்பது சீட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும். தெரிகிறவரையில் சீட்டு நடக்கிறது. தெரியாமற்போன நாளில் சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போயிருப்பார்.

விலக விரும்புகிறவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது கணக்கைப் போலவே ஒரு பரீட்சை. முதல் மாதம் இலவசம் என்று அழைத்து, அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாதம் முதல் கேளாமல் பணம் பிடிப்பதும், விலகும் வழியைப் பத்துப் பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதும் இன்று ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. அமேசான் நிறுவனம் தன் சந்தாவிலிருந்து விலகும் வழிக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் "இலியட்" என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில் கூறியது. ஹோமர் பாடிய அந்தக் காவியம் நீண்ட யுத்தத்தைப் பற்றியது. வீடு திரும்ப வழி தேடி அலைகிறவரைப் பற்றி அக்கவியின் பேரில் வேறொரு காவியம் இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இந்தியாவிலும் 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது அறிவிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்தது. 2023 நவம்பரில் "சந்தாப் பொறி" என்பதை ஏமாற்று வழிகளில் ஒன்றாகவே அரசு பட்டியலில் சேர்த்தது. மறந்தவர்களின் பணத்தால் நடக்கிற தளம் வெற்றி பெற்றதாகக் கணக்குப் புத்தகம் சொல்லலாம். தூங்குகிறவன் பையிலிருந்து எடுத்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்கணக்குப் புத்தகம் சொல்லாது.

இனிப் பூன் லேயின் மூன்று வரிசைகளுக்கு வருவோம். மூவருக்கும் ஒரே கட்டணம் வைப்பது சமத்துவம் என்று சிலர் சொல்லுவார்கள். தமிழில் இக்கேள்விக்கு 1906ஆம் ஆண்டிலேயே ஒரு விடை சொல்லப்பட்டிருக்கிறது. பாரதியார் ஆசிரியராயிருந்த "இந்தியா" வாரப் பத்திரிகை தன் ஆண்டுச் சந்தாவை ஆளுக்கேற்ப வகுத்திருந்தது. அரசாங்கத்துக்கு 50 ரூபாய். ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானமுடையோருக்கு 15 ரூபாய். மற்றவர்களுக்கு 3 ரூபாய். தான் யாரைத் தாக்கி எழுதியதோ அந்த அரசாங்கத்துக்கே மிக அதிகமான சந்தாவை விதித்த குறும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. 1908இல் அது புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டு 1910இல் நின்றது. அதைக் கொன்றது சந்தா விகிதமல்ல, தடையுத்தரவு.

சிங்கப்பூரில் இதே விகிதமுறை இன்றும் ஒரு காரியத்தில் நடக்கிறது. 1991ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்காக, இந்திய வமிசத்து ஊழியரின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் உள்ள விகிதப்படி, 1,000 வெள்ளிக்கு மேற்படாமல் ஊதியம் பெறுகிறவர் ஒரு வெள்ளி கொடுக்கிறார். 15,000 வெள்ளிக்கு மேல் பெறுகிறவர் 30 வெள்ளி கொடுக்கிறார். அப்பணம் பெரும்பாலும் பிறர் பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கும் குடும்ப உதவிக்கும் போகிறது. கொடுக்க விருப்பமில்லாதவர் படிவம் எழுதிக் கொடுத்து விலகலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இம்முறையை ஓர் இணையத் தளம் பின்பற்றலாமா என்றால், கூடாது என்போம். சிண்டாவின் கணக்கு பொதுவில் வெளியிடப்படுகிறது, வாசல் திறந்திருக்கிறது, காரியம் இன்னதென்று ஊருக்குத் தெரிகிறது; அதனால் அங்கே பொறுத்துக்கொள்ளலாம். கேட்டு வாங்கிய ஒரு வெள்ளி, கேளாமல் பிடித்த ஒரு வெள்ளியைவிடப் பலமுள்ளது என்பதை 1950களின் அந்த நிதி காட்டியிருக்கிறது.

வருமானத்தை எப்படி அறிவது, பணக்காரரும் ஏழையென்று சொல்லிக் குறைவாகக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சிலர் அப்படிச் செய்யத்தான் செய்வார்கள். பல்கலைக்கழக வரிசையில் நிற்கிற ஒருவர் ஒரு வெள்ளி மட்டும் கொடுத்துவிட்டு முழுவதையும் படித்தால், நட்டம் நாலு வெள்ளி. அவரைப் பிடிப்பதற்காக எல்லோரிடமும் சம்பளச் சீட்டு கேட்டால், நட்டம் எல்லோருடைய நம்பிக்கையும். இந்த இரண்டில் எது பெரிது என்று தீர்மானிக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

மூன்றாம் வரிசைதான் நம்மை அதிகமாக யோசிக்க வைக்கிறது. வேலை அனுமதியில் வந்த அத்தொழிலாளி சிண்டாவுக்குச் செலுத்துவோர் பட்டியலிலும் இல்லை. சம்பளம் பிடிக்கப்பட்டால் எங்கே முறையிடுவது, வேலையில் அடிபட்டால் இழப்பீடு எப்படிக் கோருவது, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா என்பவை அவர் தமிழில் அறிய வேண்டிய விஷயங்கள். 2020 ஏப்ரல் முதல் பல மாதங்கள் விடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது நோயைப் பற்றிய சரியான செய்தி அவருக்கு மருந்தைப் போல வேண்டியிருந்தது; அவ்வாண்டில் உலகத்தின் பல பத்திரிகைகள் நோய்ச் செய்திகளுக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிட்டன. திறந்ததால் அவை கெட்டுப்போகவில்லை. அப்படியிருக்க, உயிருக்கும் கூலிக்கும் உரிய செய்தியைப் பூட்டுக்குள் வைக்க ஒரு தமிழ்த் தளத்துக்கு உரிமையில்லை என்று நாம் துணிந்து சொல்லுவோம். கதையையும் கட்டுரையையும் பாடத்தையும் பேச்சையும் கட்டணத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். அவற்றையும் கட்டணம் செலுத்தினவர் தம் நண்பருக்கு அனுப்ப இடங்கொடுக்கட்டும். உரக்கப் படித்தவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்ததால்தான் அந்த ஒரு காசுப் பத்திரிகை நாளிதழாயிற்று.

அதற்காக அத்தொழிலாளியைத் தர்மத்துக்குப் படிக்கிறவராக ஒதுக்கிவைப்பதும் தகாது. சீட்டுக்கு மாதந்தவறாமல் கட்டுகிறவர், ஊரில் ஒரு பிள்ளையின் வைத்தியத்துக்கு விடுதி முழுவதும் துண்டேந்தும்போது தம் பங்கைப் போடுகிறவர் அவர். அவர் ஒரு வெள்ளி கொடுக்க முன்வந்தால், "உங்களுக்கு வேண்டாம் ஐயா, இலவசம்" என்று திருப்பிக் கொடுப்பது இரக்கமல்ல, அவமதிப்பு. அந்த வெள்ளியை வாங்கிக்கொண்டு அவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், வந்த பணம் எழுதினவர்களுக்கு எவ்வளவு, கணினிக்கு எவ்வளவு, நடத்துகிறவர் வீட்டுக்கு எவ்வளவு என்று வருஷக் கடைசியில் ஓர் அறிக்கை தயாரித்தால், 50 வெள்ளி கொடுத்த பேராசிரியருக்கு அனுப்புகிற அதே அறிக்கையை, அதே நாளில், விடுதியில் உள்ள அவருக்கும் அனுப்ப வேண்டும்.